நிற்பதும் இசைவதும்

மாமா வீட்டுக் குதிரைக்குப் பதினெட்டு வயது. அந்தியூர்ச் சந்தையில் பிடித்து வந்தபோது அவளுக்கு ராணி என்று பெயர் வைத்தார்கள். மார்வாரி ரத்தம். காதுகள் இரண்டும் உள்வளைந்து நுனியில் தொட்டுக்கொள்ளும். மூன்று குட்டிகள் ஈன்றாள். மூன்றாவது ஈற்றுக்குப் பிறகு ஏழு வருடம் சும்மா இருந்தாள். அதற்குள் எப்போது என்று யாருக்கும் நினைவில்லாமல் அவள் பெயர் 'கிழவி' என்று மாறிவிட்டிருந்தது. சென்ற மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். கிழவியிடமிருந்து கடைசியாக ஒரு குட்டி எடுத்துவிட வேண்டும் என்று மாமா பொலிகுதிரைக்கு ஏற்பாடு செய்திருந்தார்.

குட்டியானையில் ஏற்றிவந்து இறக்கிய குதிரை இளசு, கறுப்பு. நெற்றிச் சுழி சுத்தம், கழுத்துச் சுழி சுத்தம் என்று அதன் சொந்தக்காரர் எல்லாருக்கும் காட்டினார். அதைக் கிழவியின் பக்கத்தில் கொண்டுவந்ததுமே அவள் காதுகளைப் பின்னால் மடக்கிக் கீச்சென்று கத்தி, திரும்பி உதைத்தாள். குளம்பு அதன் நெஞ்சில் பட்டது. இரண்டு பேர் சேர்ந்து அவளுடைய முன்னங்கால் ஒன்றை மடக்கிக் கட்டினார்கள். மூன்றாவது ஆள் ஒரு தடியில் கோத்த கயிற்று வளையத்தை அவள் மேலுதட்டில் மாட்டி முறுக்கினார். கொஞ்ச நேரத்தில் அவள் அசைவது நின்றது. கண் பாதி மூடியது. "நின்னுட்டா, இனி ஒண்ணும் பண்ணமாட்டா" என்றார் அந்த ஆள்.

அத்தை அப்போது லாயத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நிமிராமலே மாமாவிடம் சொன்னார்: "அவளுக்கு இன்னைக்கு ஆவாதுங்க. போன செவ்வாக்கெழம வந்திருந்தா நின்னிருப்பா." யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஆனால் நெஞ்சில் உதை வாங்கிய கறுப்புக் குதிரைக்கும் அன்று மனம் வரவில்லை. எவ்வளவு இழுத்தும் அது நெருங்க மறுத்தது. கடைசியில் பாதிக் கூலியை வாங்கிக்கொண்டு அவர்கள் போனார்கள். கட்டை அவிழ்த்ததும் கிழவி தண்ணீர்த் தொட்டியருகே போய் நெடுநேரம் குடிக்காமல் நின்றாள்.

'நின்னுட்டா' என்ற அந்தச் சொல் என்னுடன் பஸ்ஸில் கூடவே வந்தது. கால்நடை வளர்ப்பவர்களின் பேச்சில் 'நிற்பது' என்றால் ஏற்பது. பருவத்தில் இருக்கும் பெண் விலங்கு ஆணுக்கு நிற்கும். அதே சொல்லைத்தான் உதடு முறுக்கப்பட்டு ஒடுங்கிப்போன விலங்கைப் பார்த்தும் அவர் சொன்னார். குதிரையின் மேலுதட்டை அப்படி முறுக்கும்போது மூளை தனக்குத்தானே வலிநீக்கிகளைச் சுரக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த மயக்கத்தில் விலங்கு அடங்கி நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு நிற்றலும் ஒன்றுபோலத்தான் தெரியும். அசையாமல் இருந்ததையே சம்மதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் வாதத்தை நீதிமன்றத் தீர்ப்புகளிலும் குடும்பப் பஞ்சாயத்துகளிலும் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் நாம். அதனால் இந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட எனக்கு முடியவில்லை.

அத்தை சொன்ன செவ்வாய்க்கிழமைக் கணக்கு சரியானது. பெண்குதிரையின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாள். அதில் ஐந்து முதல் ஏழு நாள்தான் அவள் ஆணை ஏற்பாள். அந்த நாள்கள் முடிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு சினைமுட்டை வெளியேறும். மீதமுள்ள இரண்டு வாரமும் அவள் மறுப்பாள். ஏற்கும் நாளில் வாலை உயர்த்தி ஒருபக்கம் ஒதுக்குவாள். பின்னங்கால்களை அகட்டி லேசாகத் தாழ்வாள். சிறுகச் சிறுக மூத்திரம் விடுவாள். பெண்குறியின் இதழ்கள் திறந்து திறந்து மூடும். ஆங்கிலத்தில் இந்த அசைவுக்குக் 'கண்ணடித்தல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு தசையின் துடிப்புக்குக்கூட யாரையோ அழைக்கிற தோரணையைக் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் எல்லா மொழியிலும் இருக்கிறது போலும்.

எல்லாப் பெண்குதிரைகளும் இதை ஒரேபோலக் காட்டுவதில்லை. புது ஆண்குதிரை, புது இடம், பழைய பயம், உடம்பில் எங்கோ வலி, பக்கத்தில் பால்குடிக்கும் குட்டி என்று எது இருந்தாலும் அவள் காட்டாமல் இருந்துவிடலாம். முட்டை முதிரும், வெளியேறும், ஆனால் வெளியே எந்த அடையாளமும் இருக்காது. நம் ஊரில் மாட்டுக்குச் சொல்வதுபோல இதற்கும் 'ஊமைப் பருவம்' என்கிறார்கள். கிழவிக்கும் ஊமைப் பருவம்தான் என்றார் மாமா. அவளோ எதிர்வீட்டு வண்டிக்காரரின் காயடித்த குதிரை வேலியோரம் மேய வரும்போதெல்லாம் வேலிக்குப் போய் வாலை ஒதுக்கி நின்றிருக்கிறாள். அத்தை அதை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார். குட்டி தரமுடியாத ஒரு குதிரையிடம் அவள் காட்டியது கணக்கில் வரவில்லை. கேட்க வேண்டியவர் கேட்காதபோது பேசியவளுக்கு ஊமை என்று பெயர் வந்துவிடுகிறது.

குதிரைகளைச் சேர்த்து மேயவிட்டுப் பார்த்தவர்கள் எழுதியிருப்பது வேறு. கட்டில்லாத மந்தையில் இணைசேர்தலைத் தொடங்குவது பெரும்பாலும் பெண்குதிரைதான். அவளே ஆணைத் தேடிப் போவாள். அவளுக்கு வேண்டாத நாளில் நெருங்குகிற ஆண் உதை வாங்கும். உதை வாங்கிய ஆண் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும். மனிதர்கள் நடத்தும் பண்ணையில் இந்தப் பாடம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. பந்தயக் குதிரைப் பண்ணைகளில் பருவம் சோதிக்கவென்றே 'டீசர்' என்று ஒரு மலிவான ஆண்குதிரையை வைத்திருப்பார்கள். பெண்குதிரையின் எதிரே அதை நிறுத்துவார்கள். உதைத்தால் உதையை அது வாங்கும். அவள் வாலை ஒதுக்கினால் அதை அழைத்துக்கொண்டு போய்விட்டு விலையுயர்ந்த பொலிகுதிரையைக் கொண்டுவருவார்கள். அவளுடைய மறுப்புக்கு அங்கே ஒரு மதிப்பு இருக்கிறது. ஆனால் அது விலையுயர்ந்த குதிரைக்குக் காயம் படாமல் பார்த்துக்கொள்வதற்கான மதிப்பு. ஒருவர் சொல்வதைக் கவனமாகக் கேட்பதும் அவரை மதிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நான் தமிழ் இலக்கணம் கற்பிப்பவள். பெண்ணின் வேட்கையை அடையாளங்களால் படிக்கும் கலையில் என் துறைக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் தானே சொல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் களவியலில் விதிக்கிறது. வாயை அப்படி மூடியபின் மெய்ப்பாட்டியலில் அவளுடைய வியர்வை, கூந்தல் அவிழ்தல், ஆடையைத் திருத்துதல் என்று உடல் சொல்வதையெல்லாம் வரிசைப்படுத்துகிறது. பேசக் கூடாதவளைப் பிறர் படிக்க வேண்டியிருக்கிறது. தோழி படிக்கிறாள், செவிலி படிக்கிறாள், தாய் படிக்கிறாள். சிலசமயம் தாய் வேலனை அழைக்க, அவன் கழங்கு உருட்டிப் பார்த்து இது முருகன் அணங்கியது என்று தீர்ப்புச் சொல்கிறான். ஆட்டுக்குட்டி பலியாகிறது. பெண்ணின் நோய் அப்படியே இருக்கிறது. மேலுதட்டை முறுக்கிய ஆளையும் சுழி பார்த்த சொந்தக்காரரையும் நினைக்கும்போது எனக்கு வேலன்தான் நினைவுக்கு வருகிறான். சுழி பார்க்கத் தெரிந்த கண்ணுக்குக் காது மடங்குவது தெரியவில்லை.

குதிரையே நம் மரபில் ஆணின் வேட்கைக்கு வாகனம். காதல் கைகூடாத தலைவன் பனைமட்டையால் செய்த குதிரையில் ஏறி ஊர்த்தெருவில் வரலாம். அதற்கு மடல் ஏறுதல் என்று பெயர். பெண் ஏறக் கூடாது; ஏறாததே அவள் பெருமை என்று குறள் வரையிலும் சொல்லியாயிற்று. திருமங்கையாழ்வார்தான் தம் மடல்களில் தலைவியை அந்தக் குதிரைமேல் ஏற்றினார், அதுவும் திருமாலை நோக்கி என்பதால் ஏற்கப்பட்டது. இவுளி, புரவி, பரி, மா என்று போருக்குப் போகும் குதிரைக்கு இத்தனை பெயர் சொன்ன மொழி, பெண்குதிரைக்குக் கொடுத்த பெயர்களில் ஒன்று வடவை. அந்தச் சொல் பெரும்பாலும் குதிரையைக் குறிக்க வருவதில்லை. கடலுக்கடியில் எரிந்துகொண்டு, ஊழிக்காலத்தில் வெளிவந்து உலகை அழிக்கக் காத்திருக்கும் குதிரைமுகத் தீயைக் குறிக்க வருகிறது. பெண்ணின் வெப்பத்தை அழிவாகக் கற்பனை செய்து, அதை அடக்கிவைக்க ஒரு கடலையும் கற்பனை செய்திருக்கிறார்கள்.

இன்னொரு வடவைக் கதையும் உண்டு. சூரியனின் மனைவி சஞ்ஞை, கணவனின் வெப்பம் தாங்காமல் தன் நிழலை வீட்டில் விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பெண்குதிரையாக மேய்கிறாள். சூரியன் ஆண்குதிரையாகி அவளைத் தேடி வருகிறான். யாரோ அயலான் என்று அஞ்சி அவள் பின்புறத்தைக் காட்டாமல் முகத்தைத் திருப்பி எதிர்கொள்கிறாள். அப்படியும் அவள் மூக்கின் வழியே அசுவினி தேவர்கள் பிறந்தார்கள் என்று புராணம் கதையை முடித்துவிடுகிறது. அவள் ஏன் திரும்பினாள் என்பது கதையில் தெளிவாகவே இருக்கிறது. பிறந்த பிள்ளைகள் தேவ மருத்துவர்கள் ஆகிவிட்டதால் அந்தத் திரும்பலை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

இதையெல்லாம் தோழி ஒருத்தியிடம் சொன்னபோது அவள் எரிச்சலடைந்தாள். "பெண்ணை விலங்கோடு ஒப்பிட்டது போதாதா? நீயும் ஆரம்பிக்கிறாயா?" அவள் கோபத்தில் நியாயம் உண்டு. காமசூத்திரம் பெண்களை உறுப்பின் அளவால் மான், பெண்குதிரை, பெண்யானை என்று மூன்றாகப் பிரிக்கிறது. அளவுகோலாகவே பெண்குதிரை பயன்பட்டிருக்கிறாள். தொல்காப்பிய மரபியல் ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் கழுதைக்கும் உரிய பெண்பெயராகக் கொடுத்த 'பெட்டை' என்ற சொல், தெருச்சண்டையில் நம்மை நோக்கி எறியப்படுகிறது. ஆகவே நான் சொல்வதைச் சரியாகச் சொல்ல வேண்டும். பெண்ணும் குதிரையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கிழவிக்கு வாக்கு இல்லை, நாளை என்ற நினைப்பு இல்லை, அவள் சார்பில் யாரும் வழக்குப் போடப்போவதில்லை. இருவரையும் படிக்கிற கண் ஒன்று என்றுதான் சொல்கிறேன். குதிரைமேல் பழகிய கண், வீட்டுக்குள் வரும்போது கழற்றி வைக்கப்படுவதில்லை.

பங்குனியில் ஒரு கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். இளம்பெண். கையில் ஸ்கேன் பெட்டி. பெண்குதிரைக்கு மனுஷிபோல மாதவிலக்கு நின்றுபோவது இல்லை. இருபது வயதைத் தாண்டியும் பருவம் வரும். ஆனால் பதினைந்தை ஒட்டியே கருத்தரிக்கும் திறன் இறங்கத் தொடங்கிவிடும் என்றார். பிறக்கும்போதே முட்டைகள் எல்லாம் உள்ளே இருப்பதால் அவளுக்கு எத்தனை வயதோ அத்தனை வயது முட்டைக்கும். கரு பிடித்தாலும் முதல் சில வாரங்களில் கரைந்துபோகும் வாய்ப்பு முதியவளுக்கு அதிகம். பல முறை ஈன்ற கருப்பை தொய்ந்து முன்னே சரிந்திருக்கும். இணைசேர்ந்தபின் உள்ளே தேங்கும் நீரையும் அழுக்கையும் இளம் கருப்பைபோலத் தானாக வெளியேற்றாது, அதனால் சில மணி நேரத்தில் கழுவிவிட வேண்டும். வயதான, மெலிந்த குதிரைகளில் ஆசனவாய் உள்வாங்கிப் பெண்குறி சாய்ந்துவிடுவதால் சாணமும் காற்றும் உள்ளே போகும். அதற்கு மேல்பகுதியைத் தைத்துவிடும் ஓர் அறுவை உண்டு; 1937இல் காஸ்லிக் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் விவரித்தது. ஈனும் முன் மறந்துவிடாமல் பிரிக்க வேண்டும். ஈற்றின்போது கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய் வெடித்து இறப்பதும் வயதான குதிரைகளில்தான் அதிகம். கிழவிக்குத் தையல் தேவைப்படவில்லை, ஆனால் கருப்பையில் கொஞ்சம் நீர் தேங்கியிருந்தது.

"கருவை மட்டும் எடுத்து இளங்குதிரை வயித்துல வெக்க முடியாதுங்களா?" என்று மாமா கேட்டார். முடியும்தான். பிகானீரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் 2023இல் ஒரு மார்வாரிக் குட்டி அப்படி வாடகைத் தாயின் வயிற்றில் பிறந்திருக்கிறது. இந்த வட்டாரத்தில் அதற்கு வழியில்லை என்றார் மருத்துவர். ஆனால் அந்தக் கேள்வி என்னை வேறிடத்துக்குக் கொண்டுபோனது. ஒரு பெண்ணுடலின் சுமையைக் குறைக்க நம்மிடம் இருக்கும் வழி, பெரும்பாலும் இன்னொரு பெண்ணுடலுக்கு அதை மாற்றுவதுதான்.

மாதவிலக்கு முடியும் வயதில் இருக்கும் பெண்களுக்கும் பெண்குதிரைக்கும் ஓர் உண்மையான ரத்த உறவு, சரியாகச் சொன்னால் மூத்திர உறவு, இருக்கிறது. என் சுழற்சி தாறுமாறாகத் தொடங்கியபோது ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றிப் படித்தேன். பிரிமாரின் என்ற மாத்திரை 1942இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சினைப்பட்ட பெண்குதிரையின் மூத்திரத்திலிருந்து ஈஸ்ட்ரோஜனைப் பிரித்துச் செய்தது. அதன் பெயரே அந்த ஆங்கிலச் சொற்களின் துண்டுகளைச் சேர்த்து ஆக்கியது. மூத்திரம் பிடிப்பதற்காகச் சினைக் குதிரைகளைக் குறுகிய கொட்டில்களில் மாதக்கணக்கில் கட்டிவைத்தார்கள். 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், ஈஸ்ட்ரோஜன் இருந்தால் பெண் என்றும் பெண்ணாகவே இருக்கலாம் என்று ஒரு புத்தகமே எழுதினார். மாதவிலக்கு நின்றவள் பெண் அல்லள் என்பது அதன் மறுபக்கம். 2002இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டினையும் சேர்த்துத் தருவதில் நன்மையைவிட மார்பகப் புற்றுநோய் முதலான ஆபத்துகள் மிகுதி என்று கண்டு பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்தின் விற்பனை சரிந்தது. கனடாவில் பல பண்ணைகள் மூடப்பட்டுக் குதிரைகள் ஏலத்துக்குப் போயின. ஹார்மோன் மருத்துவம் பலருக்குத் தேவைப்படுகிறது, உதவவும் செய்கிறது, இன்று தாவரங்களிலிருந்து செய்த மாத்திரைகளும் உண்டு. நான் அதற்கு எதிராகப் பேசவில்லை. இன்னும் சினைப்படுகிற பெண்ணுடலைக் கட்டிப்போட்டு, இனி சினைப்படாத பெண்ணுடலுக்கு மருந்து செய்த ஏற்பாட்டில், இரு பக்கமும் சினைதான் அளவுகோல் என்பதைச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் என் கட்டுரை எளிதாக முடிந்திருக்க வேண்டும். வயதானவளை விட்டுவிடுங்கள் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு நான் வந்திருக்கலாம். அதைச் சொல்லத்தான் சித்திரையில் போனேன். அத்தை என் பக்கம் நிற்பார் என்று நம்பிப் போனேன்.

அத்தை சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைக் காட்டினார். கிழித்த தாள்களைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். கிழவி வேலியோரம் போய் நின்ற நாள்களில் எல்லாம் பேனாவால் ஒரு கோடு. இரண்டு சுழற்சி ஒழுங்காக வந்திருந்தது. இரண்டாவது மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது. மருத்துவருக்கு இதைவிட நல்ல குறிப்பு வேறு யாரும் கொடுத்திருக்க முடியாது. "மாமா சொன்னாருன்னு இல்ல அம்மிணி. எனக்கே அவகிட்ட ஒரு குட்டி பாக்கோணும்னு இருக்குது. அவளுக்கும் இருக்குதுன்னுதான் தோணுது. வேலிகிட்ட போயி நிக்கறவ சும்மாவா நிக்கறா? வயசாச்சுன்னா ஆச போயிருமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முதியவளுக்கு வேட்கை கிடையாது என்று யாராவது மேடையில் பேசினால் எதிர்த்து எழுதுகிறவள் நான். கிழவியின் விஷயத்தில் அதையே நான் வேறு வார்த்தையில் சொல்ல வந்திருந்தேன். மாமா தன் விருப்பத்தை அவள்மேல் படித்தார். அத்தை தன்னுடையதைப் படித்தார். நான் என் களைப்பை, என் 'போதும்' என்பதைப் படித்தேன். காப்பாற்ற வருகிறவளும் ஒரு வகை வேலன்தான்.

அன்றிரவு யோசித்ததில் ஒன்று தெளிந்தது. நாங்கள் மூவரும் மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தோம். அவள் ஆணை ஏற்கிறாளா என்பது ஒரு கேள்வி. அதற்கு அவளே பதில் சொல்ல முடியும், சொல்லவும் செய்கிறாள்: காதால், வாலால், வேலிக்கு நடந்து போவதால். அவளைக் கட்டாமல் விட்டால் போதும். சினையும் ஈற்றும் அவளுக்கு நல்லதா என்பது இரண்டாவது. அதற்கு அவளால் பதில் சொல்ல முடியாது. வாலை ஒதுக்குகிறவள் பதினொரு மாதச் சுமைக்கும் ரத்தக்குழாய் வெடிப்பதற்கும் ஒப்புக்கொண்டு ஒதுக்கவில்லை. அவள் ஏற்பது அந்த நேரத்தை. குட்டி எங்கள் எண்ணம். ஆகவே முதல் கேள்விக்கு அவள் சொன்ன 'ஆம்' என்பதை இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்வது மோசடி. குட்டி யாருக்கு என்பது மூன்றாவது கேள்வி. அதை யாரும் கேட்பதே இல்லை. பருவத்தைத் துல்லியமாகப் படிக்கும் அறிவு முதல் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவதற்கெல்லாம் படித்தவர்தான் பொறுப்பு.

மனுஷிகளிடமும் இந்தக் குழப்பம் நடக்கிறது. திருமணத்துக்குச் சொன்ன 'சரி' ஒவ்வோர் இரவுக்கும் நீட்டிக்கப்படுகிறது. அந்த இரவுக்குச் சொன்னது பிள்ளைக்கும், பிள்ளைக்குச் சொன்னது அடுத்த பிள்ளைக்கும். 2019இல் குண்டூரில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் செயற்கைக் கருத்தரிப்பில் இரட்டைப் பெண்குழந்தைகளைப் பெற்றார். ஊரெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தது, மருத்துவர்களைத் திட்டியது. பிள்ளையில்லாதவள் என்று ஐம்பதாண்டுக்கு மேல் அவர் கேட்ட பேச்சை யாரும் விசாரிக்கவில்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டம் செயற்கைக் கருத்தரிப்புக்குப் பெண்ணுக்கு ஐம்பது, ஆணுக்கு ஐம்பத்தைந்து என்று வயது வரம்பு வைத்தது. உடலைக் காக்க அந்த வரம்பு தேவையாக இருக்கலாம். ஆனால் அவ்வளவு வயதில் ஒரு பெண்ணை அந்த மருத்துவமனைக்கு நடக்கவைத்த சொற்களுக்கு எந்தச் சட்டமும் வரம்பு வைக்கவில்லை. அவர் கேட்டது அவருடைய விருப்பமா, ஊரின் விருப்பமா என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல நான் யார்? அவரிடமாவது கேட்கலாம். கிழவியிடம் கேட்க முடியாது என்பதால்தான் எங்கள் பொறுப்பு அதிகம்.

காலையில் நால்வராக உட்கார்ந்து பேசினோம். மருத்துவர் தொலைபேசியில் இருந்தார். ஒரே ஒரு சுழற்சி. கயிறு இல்லை, உதட்டு முறுக்கு இல்லை. அவள் திரும்பி உதைத்தால் அத்தோடு முடிந்தது. கருப்பையில் நீர் வற்றியிருந்தால் மட்டும். மாமா முணுமுணுத்தார். "கட்டாம உட்டு, அவ உதச்சு, அந்தக் குதிரைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரு காசு குடுக்கறது?" அத்தை சொன்னார்: "அத்தன பயமா இருந்தா அவ நிக்கற நாளா பாத்துக் கூட்டிட்டு வாங்க. நாஞ் சொல்றேன் எந்த நாளுன்னு."

வைகாசியில் அத்தை சொன்ன நாளில் கறுப்புக் குதிரை மறுபடி வந்தது. நான் அங்கே இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் அதை நிறுத்தியதும் கிழவி கொஞ்சநேரம் முகர்ந்தாளாம். ஒருமுறை கீச்சென்றாளாம். பிறகு தானே திரும்பி வாலை ஒதுக்கினாளாம். யாரும் அவளைப் பிடித்திருக்கவில்லை. மருத்துவர் ஆறு மணி நேரம் கழித்து வந்து கருப்பையைக் கழுவிவிட்டுப் போனார். பதினாறாம் நாள் ஸ்கேனில் சின்ன வட்டமாகக் கரு தெரிந்தது. அத்தை எனக்குப் போன் செய்து சிரித்தார். நானும் சந்தோஷப்பட்டேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அவ்வளவு வாதமும் செய்தபிறகு எனக்குள்ளும் அந்தக் குட்டி ஓடத் தொடங்கியிருந்தது.

ஆடி பிறந்து சில நாளில் மறுபடி ஸ்கேன் செய்தபோது கரு இல்லை. கரைந்துவிட்டது. மருத்துவர் முன்பே சொன்னதுதான். கிழவிக்கு ஒன்றும் தெரிந்ததாகத் தெரியவில்லை. கொள்ளு வைத்தால் தின்றாள். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது அத்தைதான்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். இனி ஈனாத குதிரைக்குக் கொள்ளும் புல்லும் யார் போடுவது, நல்ல விலை வந்தால் தள்ளிவிடலாம் என்று மாமா பேச்செடுத்தார். வண்டி இழுக்கவோ கல்யாண ஊர்வலத்துக்கோ வாங்கிப்போவார்கள் என்றார். அப்போதுதான் அந்த மூன்றாவது கேள்வி வாய்விட்டுக் கேட்கப்பட்டது. கேட்டது நான் இல்லை. அத்தை சாணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, குட்டி போடாட்டி இவ எதுக்குங்க? அப்ப நான் எதுக்குங்க?"

மாமா பதில் சொல்லவில்லை. அந்த வருடம் சந்தைக்கும் போகவில்லை. அவர் மனம் மாறிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அடுத்த ஆடியும் வரும், தீவன விலை இன்னும் ஏறும். அத்தைக்குப் பெயரில் நிலமோ கையில் பணமோ கிடையாது. கிழவி அந்த லாயத்தில் நிற்பது இப்போதைக்கு ஒரு கேள்வியின் பலத்தில்தான்.

தொல்காப்பியத்தில் தலைவனுக்குக் கிழவன் என்றும் தலைவிக்குக் கிழத்தி என்றும் பெயர். கிழமை என்றால் உரிமை. உரிமையுடையவள் கிழத்தி. அந்தச் சொல் எப்படியோ தேய்ந்து வந்து, உரிமை எல்லாம் உதிர்ந்தபின் மிஞ்சுகிற வயதைக் குறிக்கும் சொல்லாக நம்மிடம் நிற்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்த வருடம் நடத்தும்போது எனக்கு வேலியோரம் நின்ற அந்தக் குதிரை நினைவுக்கு வந்தது. அத்தை இன்னமும் நாட்காட்டித் தாளில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "அவளுக்கு எப்ப எப்படி இருக்குதுன்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கோணுமல்ல, அம்மிணி" என்றார்.